குளிர்காலத்தில் சைக்கிள் உலா

மலேசியத் தோட்டப்புறங்களில் சைக்கிளுக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பை மூத்தவர்கள் நன்கு அறிவார்கள். கிராணிமாரும் கடைக்காரர்களும் ஏறிச் சென்ற வண்டிகளில் பல, இங்கிலாந்திலுள்ள நாட்டிங்காம் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து கப்பலேறி வந்த ராலே வண்டிகள். வேலைக்குப் போவதும், டவுனுக்குச் சென்று சாமான் வாங்கி வருவதும், பிள்ளையை முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவதுமே இங்கே அவ்வண்டிகளின் பணி. மழை பிடித்துக்கொண்டால் வண்டியை நிறுத்திவிட்டுக் கடையோரத்து அஞ்சடியில் ஒதுங்குவதுதான் அறிவுடைமை என்பது நம்மவர் கருத்து.

வண்டியைச் செய்து அனுப்பிய நாட்டிலோ வேறொரு வழக்கம் உண்டு. டிசம்பர், ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. புல்லின் மீது உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். குட்டையில் நீர் கட்டியாகி இருக்கும். அந்த வேளையில் ஊர் மணிக்கூண்டின் கீழோ இரயில் நிலையத்தின் முன்னோ பத்துப் பதினைந்து பேர் சைக்கிளோடு வந்து கூடுவார்கள். இளைஞரும் இருப்பர், எழுபதைக் கடந்தவரும் இருப்பர். 40 மைலோ 50 மைலோ சுற்றிவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புவர். போகுமிடத்தில் அவர்களுக்குக் கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை.

இது வெறும் வீம்பு என்று தோன்றலாம். வீம்பும் சிறிது உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வழக்கத்தை ஊன்றிப் பார்த்தால் வேறொன்று புலப்படும். குளிர்காலத்துச் சாலையில் தனித்துச் செல்பவனுக்கு எது ஆபத்தோ, அதுவே குழுவாகச் செல்வோருக்கு உலாவாக மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தைச் செய்வது உடல்வலிமை அன்று; நூறாண்டுக்கு மேலாகக் கழகங்கள் பழகிப் பழகி வகுத்துக்கொண்ட சில ஒழுங்குகளே.

இக்கழகங்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று 1878ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் ஆரோகேட் என்னும் ஊரில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ஸ்டான்லி காட்டரெல் என்னும் மருத்துவ மாணவர். முன்சக்கரம் ஆளுயரம் இருந்த பழைய வண்டிகளின் காலம் அது. ‘பைசிக்கிள் டூரிங் கிளப்’ என்று முதலில் பெயர் பெற்று, 1883இல் ‘சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்’ ஆகி, 2016 முதல் ‘சைக்கிளிங் யூகே’ என்னும் பெயரால் வழங்குகிறது. இதன் கிளைகளும், இதனைச் சேராத உள்ளூர்க் கழகங்களும் அந்நாடெங்கும் இருக்கின்றன. 1894இல் பர்மிங்காம் நகரில் தோன்றிய ‘கிளாரியன்’ சைக்கிள் கழகம், பொதுவுடைமைக் கருத்துள்ள ஒரு வார இதழின் வாசகர்களால் அமைக்கப்பட்டது. ஆலைத் தொழிலாளர்களும் எழுத்தர்களும் அதில் திரளாகச் சேர்ந்தனர்.

குளிர்கால உலாவுக்கு முதற் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு முழு ஓய்வு கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான். ஆண்டுக்கு 52 ஞாயிறு. குளிர் என்று சொல்லி நவம்பர் முதல் மார்ச்சு வரை வீட்டில் அடைந்து கிடந்தால் அவற்றில் இருபதுக்கு மேல் போய்விடும். புகை சூழ்ந்த நகரத்தில் ஆறு நாள் வேலை செய்தவன் அந்த இருபதையும் இழக்க மனங்கொள்ளாதது வியப்பன்று.

பகலின் அளவு

முதலில் கவனிக்க வேண்டியது குளிரைக் கூட அன்று, வெளிச்சத்தை. கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரமே. பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்வோருக்கு நாள் நீளுவதும் குறுகுவதும் தெரிவதே இல்லை. பூமியின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதால், வடக்கே போகப் போக இந்த வேறுபாடு பெருகும். டிசம்பர் மாதப் பிற்பகுதியில் இலண்டனில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. எடின்பரோவில் ஏழு மணி நேரம். காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் தலைகாட்டும். மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். நண்பகலில் கூட அது வானத்தின் உச்சிக்கு வருவதில்லை. தென்திசையில் மரக்கிளைகளுக்குச் சற்று மேலே நின்று, நம் ஊர் மாலை வெயில் போல் சாய்ந்து அடிக்கும்.

ஆகவே குளிர்காலத்து உலாவைத் திட்டமிடுபவர் தூரத்தை வைத்துக் கணக்கிடுவதில்லை. மாலைத் தேநீர் அருந்தும் இடத்தை வைத்துக் கணக்கிடுகிறார். இருட்டுவதற்குள் தேநீர்க் கடையை அடைய வேண்டும். அங்கிருந்து வீடு வரை விளக்கொளியில் போகக்கூடிய நல்ல சாலை இருக்க வேண்டும். கோடையில் முதலில் போகும் திசையைத் தீர்மானித்துவிட்டுப் பிறகு கடையைத் தேடலாம். குளிர்காலத்தில் கடை முதல், திசை பிறகு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோடையில் இங்கிலாந்துக் கிராமச் சாலைகளின் இருபுறமும் உயிர்வேலி இலையடர்ந்து நிற்கும். சுவருக்கு நடுவே போவது போலிருக்கும். இலையுதிர்ந்த பின் அதே சாலையில் போனால் வயலும், அப்பால் ஓடையும், அதற்கப்பால் கோயில் கோபுரமும் தெரியும். வேலியில் சிவந்து தொங்கும் ஹாதார்ன் பழங்களைத் தின்பதற்காக, ஸ்காண்டினேவிய நாடுகளிலிருந்து கடல் கடந்து ரெட்விங், பீல்டுபேர் என்னும் பூங்குருவி இனப் பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்திருக்கும். கோடையில் மட்டும் சைக்கிள் ஓட்டுபவர் இவற்றைக் காணவே முடியாது.

உடலும் காற்றும்

இனி, குளிரைப் பற்றி. இங்கிலாந்தின் குளிர் ரஷ்யாவின் குளிர் போன்றதன்று. குளிர்காலப் பகலில் பெரும்பாலும் மூன்று முதல் எட்டுப் பாகை செல்சியஸ் வரை இருக்கும். இரவில் சுழியத்துக்குக் கீழே இறங்கும். நடந்து போகிறவருக்கு இது தாங்கக்கூடியதே. ஆனால் சைக்கிளில் செல்பவர் தாமே ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். காற்று அசையாத நாளிலும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், 20 கிலோமீட்டர் வேகக் காற்று அவர் முகத்தில் அடிப்பதற்கு ஒப்பாகும். உடலைச் சுற்றியிருக்கும் வெப்பமான மெல்லிய காற்றுப் படலத்தை அது இடைவிடாமல் துடைத்தெறிகிறது. வெப்பமானி சுழியம் காட்டும்போது, அந்த வேகத்தில் திறந்த தோலுக்கு அது ஐந்து பாகை குறைந்த குளிர் போல் உறைக்கும். இறக்கத்தில் வேகம் இருமடங்காகும்போது குளிர் இன்னும் ஏறும். கால்களோ அப்போது உழைக்காமல் சும்மா இருக்கும். ஆதலால் குளிர்காலத்தில் சைக்கிள்காரருக்கு மேட்டைவிட இறக்கமே கொடிது. நம் நாட்டில் கேமரன் மலையிலிருந்து வண்டியில் இறங்குபவர் காற்றின் சுகத்தைச் சொல்லி மகிழ்வார். அங்கே மலையிறங்குபவர் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்.

விரல்கள் முதலில் மரத்துப் போவதற்கும் காரணம் உண்டு. குளிர் தாக்கியவுடன் உடம்பு தன் நடுப்பகுதியைக் காத்துக்கொள்ள முயல்கிறது. இதயம், நுரையீரல், ஈரல் ஆகியவற்றின் வெப்பம் ஏறக்குறைய 37 பாகையில் நிற்க வேண்டும்; 35 பாகைக்குக் கீழே போனால் அது நோய், மேலும் இறங்கினால் உயிருக்கு ஆபத்து. எனவே கை, கால்களின் நுனியிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்தம் உள்ளே திருப்பப்படுகிறது. விரல் மரத்தவர் பிரேக்கைப் பிடிக்க முடியாமற் போவது அதனால்தான். தலைவனும் குடும்பத்தாரும் உண்ட பிறகே வாசலில் நிற்பவனுக்குச் சோறு என்பது போன்ற ஏற்பாடு இது!

உடுப்பைப் பற்றிப் புதியவர்கள் செய்யும் பிழை, தடித்த ஒரே சட்டையை மாட்டிக்கொண்டு வருவதாகும். மேடேறும்போது வியர்வை கொட்டும். அந்த ஈரம் இறக்கத்தில் பனிக்கட்டி போலாகி உடம்பை நடுக்கும். தேறியவர்கள் மெல்லிய கம்பளி உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, மேட்டுக்கு முன் ஒன்றைக் கழற்றி, உச்சியில் மீண்டும் அணிகிறார்கள். கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும், பருத்திக்கு அக்குணமில்லை. இன்று செயற்கை இழையால் நெய்த உடுப்புகள் வந்துவிட்டன. ஆயினும் பழைய உபாயம் ஒன்று இன்றும் செல்லுபடியாகும். மலையுச்சியில் ஒரு நாளிதழை மடித்துச் சட்டைக்குள் மார்பை மூடினாற்போல் செருகிக்கொண்டால், காகிதம் காற்றைத் தடுக்கும். மடிப்புகளுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தை வெளியே விடாது. படித்து முடித்த பத்திரிகைக்கு இதைவிட நல்ல பயன் அரிது.

பசியும் குளிரைச் சேர்ந்ததுதான். தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் மாச்சத்து சில மணி நேர உழைப்புக்குத்தான் போதும். அது தீர்ந்தவுடன் கால் பின்னும், தலை சுற்றும், காரணமில்லாமல் கோபமோ அழுகையோ வரும். ஆங்கிலச் சைக்கிள்காரர்கள் இதனைப் ‘பாங்க்’ என்பார்கள். கோடையில் இது வந்தால் புல்தரையில் உட்கார்ந்து ஒரு ரொட்டியைத் தின்றுவிட்டுப் புறப்படலாம். குளிர்காலத்தில் உட்கார்ந்தால், உழைப்பினால் உண்டான வெப்பமும் நின்றுபோய் உடம்பு விறைக்கத் தொடங்கும். அதனால்தான் முற்பகல் பதினொரு மணிக்கு ஓரிடம், நண்பகலுக்கு ஓரிடம், மாலைக்கு ஓரிடம் என்று கழகத்தார் உணவு நிறுத்தங்களை வகுத்திருக்கிறார்கள். பார்ப்பவருக்கு அது தின்பதற்காகவே ஊர் சுற்றுவது போலத் தோன்றும். வறுத்த ரொட்டியின் மேல் சுடச்சுட அவரைக்கொட்டையைக் கொட்டித் தரும் அந்த எளிய உணவு, அந்த வேளையில் மருந்துக்குச் சமம்.

கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி

குளிரை உடுப்பால் வெல்லலாம். சாலையில் படியும் பனிக்கட்டியை வெல்ல வழியில்லை, விலகத்தான் முடியும். இங்கே சைக்கிளின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். சைக்கிள் நேராக நிற்பது அசையாமையினால் அன்று. ஓட்டுபவர் ஒவ்வொரு கணமும் ஒரு பக்கம் சாய்கிறார். சாய்ந்த பக்கமே முன்சக்கரத்தைச் சிறிது திருப்பி மீண்டும் நிமிர்கிறார். பழகியவருக்கு இது தெரியாமலே நடக்கும். இவ்வாறு நிமிர்வதற்கு டயர் தரையைப் பக்கவாட்டில் பற்றியிருக்க வேண்டும். பனிக்கட்டியின் மீது அந்தப் பிடிப்பு, காய்ந்த தார்ச்சாலையில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சாய்வு நிமிராமல் விழுவது கண்மூடித் திறக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இடுப்பும் மணிக்கட்டும் உடைவது இப்படித்தான். முதியவர்க்கு அது மாதக்கணக்கான படுக்கை.

வெண்பனி கண்ணுக்குத் தெரியும். சாலையில் ஈரம் மெல்லியதாக உறைந்தால் அது கண்ணாடி போல் ஒளி ஊடுருவுவது. கீழேயுள்ள தாரின் கருமையே தெரியும். கறுப்புப் பனிக்கட்டி என்று அதனைச் சொல்வதன் காரணம் அதுவே. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுவதால், காற்று மூன்று பாகை காட்டும் காலையிலும் தரை உறைந்திருக்கக்கூடும். குளிர்ந்த காற்று கனமானது; அது பள்ளத்தில் போய்த் தேங்கும். பாலங்கள் மேலும் கீழும் காற்றுப் படுவதால் முதலில் உறைகின்றன. மர நிழல் விழும் வளைவில் நண்பகலிலும் கட்டி உருகாது. இவையெல்லாம் அறிந்த வழிகாட்டி ஒருவர், முந்தைய நாள் இரவு வானம் தெளிந்திருந்தால், மறுநாள் குறுக்குச் சந்துகளை விட்டுவிட்டு உப்புத் தூவப்பட்ட பெருஞ்சாலை வழியே குழுவை அழைத்துச் செல்வார். உப்பு கலந்த நீர் எளிதில் உறையாது என்பதால் அந்நாட்டு நகராட்சிகள் முக்கியச் சாலைகளில் இரவோடிரவாக உப்பைத் தூவுகின்றன. கிராமச் சந்துகளுக்கு அந்தப் பேறு இல்லை.

முன்னால் செல்பவர் கட்டியைக் கண்டால் “ஐஸ்!” என்று குரல் கொடுப்பார், அக்குரல் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குத் தாவிக் கடைசி ஆளை அடையும். அப்போது பிரேக் பிடிக்கக்கூடாது, திரும்பக்கூடாது, பெடலை அழுத்தவும் கூடாது. வந்த நேரிலேயே உருளவிட வேண்டும். ஆணி பதித்த டயர்கள் விற்பனையில் உண்டு; பின்லாந்து போன்ற நாடுகளில் அவை பெரிதும் பயன்படுகின்றன. ஆண்டில் சில நாளே உறையும் இங்கிலாந்தில் அவற்றை வாங்குவோர் குறைவு. உறைபனி கடுமையாயின் உலாவை நிறுத்திவிடுவதே நல்ல தலைவரின் இலக்கணம். வந்தவர்களுள் துடுக்கானவர் சிலர் முணுமுணுக்கக்கூடும். அந்த முணுமுணுப்பைப் பொறுத்துக்கொள்ளத் தெரியாதவர் தலைமையேற்கத் தகார்.

வண்டியும் வரிசையும்

குளிர்காலத்துக்கென்றே பழைய வண்டி ஒன்றை வைத்திருப்பது அங்கே வழக்கம். சாலையின் உப்பும் சேறும் செயினை அரித்துவிடுவதால், புதிய வண்டியை நவம்பரில் துடைத்து வைத்துவிட்டு, மட்கார்டு பொருத்திய பழையதை எடுப்பார்கள். பழைய தலைமுறையினர் அதில் ‘பிரீவீல்’ இல்லாத நிலைச்சக்கரத்தையே பூட்டினர். வண்டி உருளும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். கால் ஓய முடியாது. இறக்கத்திலும் கால் சுழல்வதால் உடல் குளிர்வதில்லை. ஈரத்தில் பிரேக் கட்டை வழுக்கினாலும் காலாலேயே வேகத்தைக் குறைக்கலாம். கெட்டுப் போகக்கூடிய உறுப்புகளும் மிகக் குறைவு.

பின் மட்கார்டின் அடியில் ரப்பர் அல்லது தோல் துண்டு ஒன்று தரையைத் தொடும்படி தொங்கும். அதை மாட்டியவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவருடைய சக்கரம் வாரியடிக்கும் சேற்று நீர் பின்னால் வருபவரின் முகத்தில் படாமல் இருப்பதற்காகவே அது. துண்டு இல்லாமல் வந்தவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடும் கழகங்கள் உண்டு. கழகம் என்ற சொல்லின் பொருளை இந்த ஒரு சாண் ரப்பர் துண்டைக் கொண்டே விளக்கிவிடலாம்.

வரிசையில் இருவர் இருவராகச் செல்வது மரபு. குறுகிய இடத்தில் ஒருவர் பின் ஒருவராக மாறுவர். முன்னால் செல்பவர் காற்றைப் பிளப்பதால் பின்னால் வருபவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். அதனால் வலியவர் முன்னும் மெலிந்தவர் நடுவிலுமாக அமைவர். எல்லாருக்கும் பின்னே, வழி தெரிந்த அனுபவசாலி ஒருவர் வருவார். அவர் முன்னால் போகவே கூடாது. பஞ்சரானாலும் செயின் அறுந்தாலும் அங்கே நிற்கும் கடமை அவருக்கு உண்டு. மரத்த விரலால் டயரைக் கழற்றுவது எளிதன்று. ஒருவர் கழற்ற, ஒருவர் டியூபை மாற்ற, ஒருவர் பம்படிக்க, பத்து நிமிடத்தில் வேலை முடியும். தனியாள் அதே வேலையை அரைமணி நேரம் செய்து, முடிப்பதற்குள் நடுங்கத் தொடங்கியிருப்பார்.

எல்லாக் குழுக்களும் இப்படி நடந்துகொள்வதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேகத்தையே பெருமையாகக் கொண்ட கூட்டங்களில், புதிதாக வந்தவர் முதல் மேட்டிலேயே பின்தங்கிவிட, மற்றவர்கள் திரும்பிப் பாராமல் போய்விடுவது உண்டு. கோடையில் அது மரியாதைக் குறைவு. ஜனவரி மாதத்து நான்கு மணிக்கு, வழி தெரியாத சந்தில், பசியோடு ஒருவரை விட்டுச் செல்வது அதனினும் பெரிய குற்றம். அப்படி ஒருமுறை விடப்பட்டவர் மறுவாரம் வரமாட்டார் என்பது ஒருபுறமிருக்க, அன்று வீடு சேர்வாரா என்பதே கேள்வி.

தேநீர்க் கடைகளோடு கழகங்களுக்கிருந்த உறவு தனிக்கதை. டூரிங் கிளப் தனக்கு உடன்பட்ட விடுதிகளின் சுவரில் சிறகு முளைத்த சக்கரம் பொறித்த இரும்புப் பலகையைப் பதித்தது. அதைக் கண்டால் நனைந்து சேறு படிந்து வந்தவரும் தயக்கமின்றி உள்ளே நுழையலாம் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஒருமுறை நீதிமன்றம் வரை போயிற்று. 1898 அக்டோபரில் சர்ரே மாவட்டத்து ஆக்கம் என்னும் ஊரில், ‘ஹாட்பாய்’ விடுதிக்கு ஹார்பர்ட்டன் சீமாட்டி சைக்கிளில் வந்தார். தரை புரளும் பாவாடை சக்கரத்தில் சிக்கும் என்பதால் அவர் அகன்ற கால்சட்டை போன்ற உடையை அணிந்திருந்தார். விடுதிக்காரி அவரைப் பெண்கள் அமரும் கூடத்தில் விட மறுத்து, மதுக்கூடத்தை ஒட்டிய அறைக்குப் போகச் சொன்னார். கிளப் வழக்குத் தொடுத்தது. வேறோர் அறை தருவதாகச் சொன்னபின் இடம் மறுத்ததாகாது என்று 1899இல் தீர்ப்பு கிளப்புக்கு எதிராயிற்று. வழக்கில் தோற்றாலும், பெண்கள் சைக்கிளுக்கேற்ற உடை உடுத்தும் உரிமையைப் பற்றி நாடே பேசும்படி செய்துவிட்டது அது.

விளக்கும் வழக்கும்

இருட்டில் செல்பவருக்கு விளக்கு வேண்டும். மின்விளக்கு பரவுவதற்கு முன் கார்பைடு விளக்கே சிறந்தது. கால்சியம் கார்பைடு என்னும் கல்லின் மேல் நீர் சொட்டுச் சொட்டாக விழ, அசிட்டிலீன் வாயு உண்டாகி வெள்ளொளி தரும். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரம் சீவப் போனவர்கள் அவ்வொளியையும் அதன் வாடையையும் மறந்திருக்கமாட்டார்கள். ஆனால் இங்கே தெரிய வழியில்லாத இடர் ஒன்று அங்கே உண்டு: கடுங்குளிரில் விளக்கின் நீர் உறைந்துவிடும், விளக்கும் அணைந்துவிடும்.

முன்விளக்கைப் பற்றிச் சச்சரவில்லை. பின்விளக்கைப் பற்றித்தான் நெடுநாள் வாதம் நடந்தது. மோட்டார் வண்டிகள் பெருகியபோது, சைக்கிளின் பின்னால் சிவப்பு விளக்கைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. சைக்கிள் கிளப் அதனை எதிர்த்தது. இது மேலோட்டமாகப் பார்த்தால் விந்தை. உயிரைக் காக்கும் விளக்கை, உயிருக்கு உடையவரே வேண்டாமென்பதா? அவர்கள் காட்டிய காரணம் இது: தன் விளக்கொளி எட்டும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிகிற வேகத்தில் செல்வது மோட்டார் ஓட்டியின் கடமை, பின்விளக்கு வந்துவிட்டால் அந்தக் கடமை சைக்கிள்காரர் தலையில் விழும், அவரோ தம் முதுகுக்குப் பின்னால் விளக்கு எரிகிறதா அணைந்ததா என்று காணவும் முடியாதவர், அணைந்த விளக்கோடு அடிபட்டுச் செத்தால் குற்றமும் அவர்மேலேயே சாரும். இந்த வாதத்தில் நீதி இல்லாமற் போகவில்லை. ஆயினும் நீதி ஒருபுறம், சாலை ஒருபுறம். இரண்டாம் உலகப் போரின் இருட்டடிப்பில் பின்விளக்கு கட்டாயமாயிற்று. 1945ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நிலைநாட்டியது. இன்று குளிர்கால உலாவில் இரண்டு பின்விளக்கு இல்லாமல் வருபவரைச் சக உறுப்பினரே கண்டிப்பார்கள். ஒன்று அணைந்தால் மற்றொன்று இருக்கட்டும் என்பது, அந்தப் பழைய வாதத்திலிருந்த உண்மைக்குக் கிடைத்த விடை எனலாம்.

பனியில் ஒரு மலைவழி

குளிர்காலத்தில் வீட்டிலிருக்கக்கூடாது என்னும் எண்ணத்தைப் பரப்பியவருள் முதன்மையானவர் டபிள்யூ. எம். ராபின்சன். ‘வழிப்போக்கன்’ என்று பொருள்படும் ‘வேபேரர்’ என்ற புனைபெயரில் எழுதியவர். 1919 மார்ச்சில், பனி மூடிக் கிடந்த வேல்சு நாட்டுப் பெர்வின் மலைத்தொடரை, ஏறக்குறைய 1900 அடி உயரமுள்ள கணவாய் வழியே சைக்கிளோடு கடந்தார். ஓட்டியது பாதி, தள்ளியதும் தூக்கியதும் பாதி. அந்த அனுபவத்தை ‘சைக்கிளிங்’ இதழில் அவர் எழுதியது, கரடுமுரடான பாதையிலும் சைக்கிளோடு போகலாம் என்ற ஆசையைப் பலருக்கு ஊட்டியது. 1955இல் லெமின்ஸ்டர் என்னும் ஊரில் கூடி, மலைப்பாதை உலாவுக்கென்றே தனிக்கழகம் கண்டவர்கள் அந்த ஆசையின் வழிவந்தவர்களே. ராபின்சன் 1956இல் மறைந்தார். மறு ஆண்டு அக்கணவாயில் அவர் நினைவாகக் கல்வெட்டு வைக்கப்பட்டது. அங்கே ஒரு பெட்டிக்குள் குறிப்பேடு இருக்கும். ஏறி வந்தவர்கள் தம் பெயரை எழுதிவிட்டு இறங்குவது வழக்கமாயிற்று.

ராபின்சன் எழுத்தாளர் மட்டுமல்லர், விளக்குப்படச் சொற்பொழிவாளருங்கூட. குளிர்காலத்து வார நாள் இரவுகளில் கழகங்கள் மண்டபம் பிடித்து, கோடையில் எடுத்த நிழற்படங்களைக் கண்ணாடித் தகட்டில் பதித்துத் திரையில் காட்டி விளக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஞாயிறு உலாவுக்கு வர இயலாத முதியவரும் நோயாளியும் அந்த மண்டபத்துக்கு வந்தார்கள். இன்று கண்ணாடித் தகடு போய்க் கணினிப் படம் வந்திருக்கிறது. நாற்காலி வரிசையும் தேநீர்க் கெண்டியும் அப்படியே இருக்கின்றன.

இத்தகைய பொழுதுபோக்குகளுள் மிகப் பயனுள்ளது வரைபடம் படிப்பதுதான். ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் அரசாங்க நில அளவை நிலையம் வெளியிட்ட, ஒரு மைலுக்கு ஓர் அங்குல அளவுள்ள படம் தலைமுறை தலைமுறையாகச் சைக்கிள்காரரின் வேதம். 1974 முதல் 1:50,000 அளவுள்ள படம் அதன் இடத்தைப் பிடித்தது. அடுப்பின் அருகே படத்தை விரித்து, சமவுயரக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணி, அடுத்த உலாவில் எத்தனை அடி ஏற வேண்டும் என்று கணக்கிடுவர். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மெதுவான ஏற்றம். நிலநூலைப் பள்ளியில் கசப்பாகக் கற்றவர்களும் இதனைச் சுவையாகக் கற்கிறார்கள். பள்ளிப்பிள்ளைகளுக்குத் தம் சொந்த வட்டாரத்தின் படத்தைக் கொடுத்து இப்படிப் பழக்கினால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

ஓவியம் தீட்டுவோரும் உண்டு. அவர்களுக்கெல்லாம் ஆசானாக விளங்கியவர் பிராங்க் பேட்டர்சன். 1893 முதல் 1952இல் மறையும்வரை ‘சைக்கிளிங்’ இதழுக்கு மைக்கோட்டுச் சித்திரங்கள் வரைந்தவர். பழைய பாலமும் பனிபடிந்த கூரையும் சாலையோரம் சாய்த்து வைத்த சைக்கிளுமாக அவர் வரைந்த படங்கள் ஆயிரக்கணக்கானோரை வெளியே இழுத்தன. காலில் ஏற்பட்ட ஊறு காரணமாக அவர் நடுவயதுக்கு முன்பே சைக்கிள் ஓட்டுவதை விட்டுவிட்டவர் என்பதை அறிபவர் வியப்படைவர். பிற்காலப் படங்கள் பலவற்றை மற்றவர்கள் அனுப்பிய நிழற்படங்களைப் பார்த்தே வரைந்தார். கழகத்தின் துணை இல்லாவிட்டால் சாலை அவருக்கு அடைபட்டுப் போயிருக்கும்.

வேகத்தை விரும்பும் இளைஞருக்கு உருளைப் பந்தயம் இருந்தது. மூன்று உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி மிதித்தால் சக்கரம் சுழலும், வண்டி நகராது. உருளையோடு இணைத்த பெரிய கடிகார முகத்தில் இரு முட்கள் ஒன்றையொன்று துரத்தும். 1950களில் நடன மண்டபங்களிலும் திரைப்படக் கொட்டகைகளிலும் இதைக் காணக் கூட்டம் கூடியது. ஓரடி கூட நகராத பந்தயத்துக்குத் தொண்டை கிழியக் கத்தியவர்கள், மறுநாள் காலை மணிக்கூண்டின் கீழே குரல் கம்மிப் போய் நின்றிருப்பார்கள்.

அண்மைக் காலத்தில் மின்விசையால் துணை செய்யும் சைக்கிள்கள் வந்திருக்கின்றன. மணிக்கு பதினைந்தரை மைல் வரைதான் மின்விசை உதவலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். மூட்டுவலியால் கழகத்தை விட்டு நின்றுபோன முதியவர் சிலர் இவற்றின் உதவியால் திரும்பியிருக்கிறார்கள். குளிரில் மின்கலத்தின் ஆற்றல் குறையும் என்பதைத் தலைவர் மட்டும் நினைவில் வைத்து, அவர்களுக்கேற்ற தூரத்தை வகுக்க வேண்டியிருக்கிறது.

மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாள். ஆயினும் சூரியன் மிக முன்னதாக மறைவது அதற்குச் சுமார் பத்து நாட்களுக்கு முன்பே. அதனால் காலை இருட்டு இன்னும் கூடிக்கொண்டிருக்கும்போதே மாலை வெளிச்சம் மெல்ல நீளத் தொடங்கிவிடுகிறது. ஜனவரி முடிவில் இலண்டனில் சூரியன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிந்தி மறைகிறது. நிதானமாகச் செல்லும் குழுவுக்கு ஒரு மணி நேரம் என்றால் பத்து மைல். பிப்ரவரி மாதத்து உலாப் பட்டியலை எழுத உட்காரும் கழகச் செயலாளர், தேநீர்க் கடையை அந்த அளவுக்குத் தள்ளி வைக்கிறார்.